டச் ஸ்கிரீனா, திருகும் நாபா? டேஷ்போர்டைப் பார்த்து வேரியன்ட் முடிவு செய்பவர்களுக்கு

புது கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின், மைலேஜ், சர்வீஸ் செலவு என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். ஷோரூமில் கடைசிவரை முடிவாகாமல் நிற்பது வேரியன்ட்தான், அதாவது ஒரே மாடலில் எந்த வசதிகள் உள்ள பதிப்பை எடுப்பது என்பதுதான். "சார், இன்னும் ஒரு லட்சம் போட்டா டாப் மாடலே வந்துடும். பெரிய டச் ஸ்கிரீன், டச் ஏசி, எல்இடி ஹெட்லைட், ஆறு ஸ்பீக்கர்" என்பார் விற்பனையாளர். பக்கத்திலேயே நடு வேரியன்ட் நிற்கும். அதில் சின்ன ஸ்கிரீன், திருகும் ஏசி நாப், ஹாலோஜன் விளக்கு, நாலு ஸ்பீக்கர். பல கார்களில் இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றேதான், கியர்பாக்ஸும் ஒன்றேதான். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு டேஷ்போர்டுக்கும் விளக்குக்கும் பாட்டுக்கும் போகிறது. அப்படியென்றால் அந்த மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. வண்டி ஓடும்போது செய்ய வேண்டிய வேலையைக் கண் பார்க்காமலே கை செய்துவிட வேண்டும். நிற்கும்போது செய்கிற வேலை ஸ்கிரீனுக்குள் எங்கே இருந்தாலும் கவலை இல்லை. ஊர் பெயரைப் போட்டு மேப் தொடங்குவது, போனை ப்ளூடூத்தில் சேர்ப்பது, கடிகாரம் திருத்துவது எல்லாம் கிளம்புவதற்கு முன்னால் செய்யலாம். ஏசி காற்றைக் கூட்டுவது, சத்தத்தைக் குறைப்பது, கண்ணாடிப் பனியை விரட்டுவது, டிம் அடிப்பது, வைப்பர் போடுவது எல்லாம் ஓடும்போது வருகிற வேலைகள். இவை எந்த வேரியன்டில் கைக்கு எளிதாக அகப்படுகின்றன என்று பாருங்கள்.

கண் எத்தனை வினாடி சாலையை விட்டுப் போகிறது?

80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் கார் நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. காரில் உள்ள கருவியை ஒரு முறை பார்க்க 2 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது, ஒரு வேலை முழுவதற்கும் சேர்த்துக் கண் 12 வினாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது என்பது அதன் சாரம். அந்த 2 வினாடியிலேயே 44 மீட்டர் போய்விடும். சர்வீஸ் ரோட்டிலிருந்து எதிர்த்திசையில் மொபெட் ஏறி வருவது சகஜமான நம் ஊர் நெடுஞ்சாலையில் 44 மீட்டர் பெரிய தூரம்.

சுவீடனின் 'வி பீலாகாரே' என்ற கார் பத்திரிகை 2022-இல் இதை அளந்தே பார்த்தது. பழைய விமான ஓடுதளத்தில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு வேலைகள் செய்ய வேண்டும். சீட் ஹீட்டரைப் போட்டு வெப்பத்தை 2 டிகிரி கூட்டிக் கண்ணாடிப் பனி நீக்கியை ஓடவிடுவது ஒன்று. ரேடியோவில் குறிப்பிட்ட ஸ்டேஷனைப் பிடிப்பது, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து நடு ஸ்கிரீனை அணைப்பது மற்ற மூன்று. ஓட்டுநர்களுக்கு முன்னதாகவே காரைப் பழகிக்கொள்ள நேரம் கொடுத்திருந்தார்கள். 2005 மாடல் வால்வோ வி70, பட்டன் மட்டுமே உள்ள பழைய கார், 10 வினாடியில் முடித்தது. அதற்குள் 306 மீட்டர் ஓடியிருந்தது. புதுக் கார்களில் டெஸ்லா மாடல் 3-க்கு ஏறக்குறைய 23 வினாடி ஆனது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் எடுத்துக்கொண்டது 45 வினாடிக்கு நெருக்கம், தூரம் 1,372 மீட்டர். அதாவது ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல், கவனம் பாதி உள்ளே பாதி வெளியே.

கார் நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஹோண்டா 2016 சிவிக்கில் சத்தத்துக்கு டச் பட்டை கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் முணுமுணுப்பு தாங்காமல் அடுத்தடுத்த மாடல்களில் நாபைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகன் எட்டாம் தலைமுறை கோல்ஃபில் வைத்த டச் பட்டைக்கு இரவில் வெளிச்சம்கூடக் கிடையாது. 2024 திருத்தத்தில் அதற்கு வெளிச்சமும் வந்தது, ஸ்டியரிங்கில் பழைய பட்டன்களும் வந்தன. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்சிஏபி 2026 முதல் தன் மதிப்பீட்டில் இதையும் சேர்த்திருக்கிறது. இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தொட்டு உணரும் சுவிட்ச் வேண்டும். அதேபோன்ற நம் நாட்டுத் திட்டமான பாரத் என்சிஏபி 2023 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் நட்சத்திரங்கள் முதன்மையாக மோதலில் உள்ளே இருப்பவர் எப்படித் தப்புகிறார் என்பதைச் சொல்பவை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரின் டேஷ்போர்டு கைக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதை நீங்களேதான் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் பனி பிடிக்கும்போது

இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும் என்றால் நவம்பர் மழையில். செங்கல்பட்டு தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், நாலு பேர் நனைந்த துணியோடு ஏறியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டுப் படிகிறது. இதற்கு நாலு காரியம் செய்ய வேண்டும். ஏசியைப் போடுவது முதல் வேலை, அதுதான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள் சுழற்சியை எடுத்துவிட்டு வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். காற்றின் திசையைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். ஃபேனைக் கூட்ட வேண்டும்.

நாப் உள்ள காரில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வலது ஓரத்து நாபைக் கடைசிவரை திருகினால் காற்று கண்ணாடிக்குப் போகிறது, 'டக் டக்' என்று விரலுக்கே தெரிகிறது. நடு நாபைத் திருகினால் ஃபேன் ஏறுகிறது, சத்தத்திலேயே எந்த அளவு என்று புரிகிறது. ஏசி பட்டன் ஒரு அழுத்து, சுழற்சி பட்டன் ஒரு அழுத்து. நாப்களின் வரிசை காருக்குக் கார் மாறலாம், ஆனால் ஒரு வாரம் ஓட்டினால் கைக்கு மனப்பாடம் ஆகிவிடும். டச் மட்டுமே உள்ள காரில் வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் சில நேரம் தொட்டது பதியாது. குண்டு குழியில் வண்டி குலுங்கினால் விரல் பக்கத்து ஐகானில் விழும்.

சில டச் கார்களில் முன் கண்ணாடிக்கென்று தனியாக ஒரு பட்டன் இருக்கும். வளைந்த கண்ணாடிப் படமும் மூன்று அலைக்கோடுகளும் போட்டிருப்பார்கள். அதை ஒருமுறை அழுத்தினால் மேலே சொன்ன எல்லா வேலையையும் கார் தானே செய்துவிடும். தானியங்கி ஏசியின் உண்மையான பலன் அதுதான். அந்தப் பட்டன் நிஜ பட்டனாக இருந்தால் டச் ஏசியை நான் ஏற்றுக்கொள்வேன். அதுவும் ஸ்கிரீனுக்குள் போய்விட்டது என்றால் வேண்டாம் என்பேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடற்கரை ஊர்களில் புழுக்கமான ராத்திரியில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி பிடிக்கும். ஏசி காற்று கண்ணாடியில் அடித்து அதைக் குளிர வைத்ததால் வருவது அது. அப்போது செய்ய வேண்டியது நேர் எதிர்: காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எது என்று தெரிய வைப்பரை ஒருமுறை போட்டால் போதும். துடைத்தால் போகிறது என்றால் வெளிப்பக்கம்.

சந்தையில் இருக்கும் கார்களை வைத்துச் சொன்னால், ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் வந்தபோது கீழ் வேரியன்டில் திருகும் நாப், மேல் வேரியன்டில் தொடு பட்டை என்று கொடுத்தார்கள். அதிகப் பணம் கொடுத்தவருக்குத்தான் சிரமம் அதிகம். ஆனால் அதே குஷாக்கின் ஸ்டியரிங்கில் சத்தம் கூட்ட ஓர் உருளை இருக்கிறது, கட்டைவிரலால் உருட்டினால் போதும், அருமையான ஏற்பாடு. 2023-இல் வந்த டாடா நெக்ஸான் மேல் வேரியன்டில் ஏசி தொடு பலகைதான், ஆனாலும் ஃபேனுக்கும் வெப்பத்துக்கும் மேலும் கீழும் தட்டும் இரண்டு சுவிட்சை விட்டுவைத்திருக்கிறார்கள். மாருதி பலேனோ, ஸ்விஃப்ட் இரண்டிலும் ஸ்கிரீன் பெரிதானாலும் ஏசிக்கு நிஜ பட்டன்கள் உண்டு. ஹோண்டா சிட்டியில் மூன்று உருண்டை நாப். மாருதியின் ஸ்கிரீனில் சத்தத்துக்கு நாப் கிடையாது, அந்தக் குறையை ஸ்டியரிங் பட்டன் ஈடுகட்டுகிறது. ஸ்டியரிங் பட்டன் இல்லாத கீழ் வேரியன்டில் வெளியே வாங்கிய டச் செட்டைப் போடுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

குரலால் கட்டளை கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக, கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகும்போது சரி. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும் காரில் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

இண்டிகேட்டர் லிவரின் பக்கத்தையும் கவனியுங்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் அது ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் தலைகீழ். கியர் மாற்றும் கார் என்றால் இடது கை கியரிலும் வலது கை இண்டிகேட்டரிலும் இருப்பது நம் போக்குவரத்துக்கு வசதி. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவீர்கள் என்றால் திரும்பும் இடத்தில் வைப்பர் ஓடும். பழக்கத்தில் சரியாகிவிடும், இதற்காகக் காரைக் கைவிட வேண்டியதில்லை.

விளக்கு: காசு போட வேண்டிய இடம்

ஸ்கிரீனைவிட விளக்குக்குப் பணம் செலவழிப்பதைத்தான் நான் ஆதரிப்பேன். ஆனால் எல்இடி என்று எழுதியிருப்பதாலேயே நல்ல விளக்கு ஆகிவிடாது.

ஹாலோஜனில் நம் ஊரில் அதிகம் புழங்குவது எச்4 பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். மஞ்சள் கலந்த வெளிச்சம். மழையில் நனைந்த தார் ரோட்டில் இந்த மஞ்சள்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பது ராத்திரி ஓட்டும் பலரின் அனுபவம். போய்விட்டால் எந்த ஊர் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்இடி வெள்ளையாக, அகலமாக அடிக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும், நீண்ட நாள் வரும். ஆனால் பழுதானால் பெரும்பாலும் ஹெட்லைட் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். முன்பக்கம் லேசாக இடித்தாலும் அதே செலவு. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பம்பர்-டு-பம்பர் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பயம் குறையும்.

கிராமத்துச் சாலை, ராத்திரிப் பயணம் அதிகம் உள்ளவர்களுக்குக் கம்பெனியே கொடுக்கும் எல்இடி நல்ல முதலீடு. ராத்திரி ஓட்டுவது அபூர்வம், நகரத்துக்குள்தான் புழக்கம் என்றால் ஹாலோஜன் போதும், மிச்சத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வார்கள்: ஹாலோஜன் வேரியன்ட் வாங்கி, வெளியே எல்இடி பல்பு மாட்டிக்கொள்வது. இதற்கு நான் உறுதியாகவே எதிர்ப்பு. ஹாலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு அந்தப் பிரதிபலிப்பானை வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே வேறு வடிவத்தில் ஒளி புறப்பட்டால் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு முன்னால் பளிச்சென்று தெரிவதால் நல்ல விளக்கு என்று தோன்றும், தூரத்தில் வெளிச்சம் குறைந்திருப்பது தெரியாது. 100/90 வாட் பல்பு மாட்டுவதும் அப்படியே. வயரும் சுவிட்சும் 60/55-க்குப் போட்டவை, சூடேறி உருகும். வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிப் போயிருக்கிறதா, ஒளியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த உயரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்கால் உயரத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. பலர் அதைத் தொட்டதே இல்லை. ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0. பின்சீட் நிறைய ஆள், டிக்கி நிறையப் பை என்றால் காரின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும், டிம் விளக்கே பிரைட் போல எதிராளி கண்ணுக்கு நேராகப் போகும். அப்போது 2 அல்லது 3-க்குத் திருப்பினால் ஒளி கீழே இறங்கும். எந்த எண் எந்தச் சுமைக்கு என்று கையேட்டில் இருக்கும். சென்னை-திருச்சி சாலையில் நடுவில் அரளிச் செடி எதிர் வெளிச்சத்தை மறைக்கிறது. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மறைக்க ஒன்றும் இல்லை. தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிற ஒவ்வொரு காரும் இந்தச் சக்கரத்தைத் திருப்பினால் எத்தனை பேருக்குக் கண் கூசாமல் இருக்கும்! சில மேல் வேரியன்ட்களில் இதைக் காரே பார்த்துக்கொள்ளும். அப்படி இருந்தால் அது காசுக்குத் தகுந்த வசதி.

தானாக எரியும் ஹெட்லைட், அதாவது லிவரில் 'ஆட்டோ' நிலை, எனக்குப் பிடித்த இன்னொரு வசதி. பழைய கார்களில் இருட்டினால் மீட்டர் தெரியாது, அதனால் லைட் போட நினைவு வரும். இப்போது டிஜிட்டல் மீட்டர் எப்போதும் பளிச்சென்று எரிகிறது, முன்னால் பகலிலும் தானாக எரியும் சின்ன விளக்கும் (பகல் விளக்கு) எரிகிறது. ஓட்டுகிறவருக்கு எல்லாம் எரிவது போலத் தோன்றும். ஆனால் பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின் விளக்கு எரியாது. அந்தி நேரத்தில் பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லாமல் வேகமாகப் போகும் கார்களைச் சென்னை ஓஎம்ஆரில் நிறையப் பார்க்கலாம். ஆட்டோவில் விட்டுவிட்டால் இந்த ஆபத்து குறைகிறது. ஆட்டோ இல்லாத வேரியன்ட் எடுப்பவர்கள் மீட்டரில் பச்சை விளக்குக் குறி தெரிகிறதா என்று பார்க்கப் பழக வேண்டும். நீலம் பிரைட்டுக்கு. நீலம் எரிந்துகொண்டே இருந்தால் எதிரே வருகிறவர் திட்டிக்கொண்டே போகிறார் என்று பொருள்.

தானாகவே டிம் ஆகும் பிரைட் லைட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எதிர் வண்டியின் விளக்கைக் கேமராவால் பார்த்து முடிவெடுக்கிறது. விளக்கே இல்லாமல் ஓரமாக வரும் சைக்கிளையோ நடந்து போகிறவரையோ பார்த்து டிம் ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தால் இருக்கட்டும், அதற்காக வேரியன்ட் ஏற வேண்டியதில்லை.

மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஃபாக் லேம்ப் உள்ள வேரியன்டைப் பாருங்கள். கொடைக்கானல், ஊட்டிப் பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஃபாக் லேம்ப் தாழ்வாக, அகலமாக அடிப்பதால் ரோட்டின் ஓரம் தெரியும். மழையிலும் பனியிலும் நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்றே தெரியாது, திரும்பப் போகிறீர்கள் என்று காட்டவும் வழியில்லை. டிம் லைட் போட்டால் பின் விளக்கு எரிகிறது, அது போதும்.

பாட்டும் போனும்

இங்கே பெரிய ஸ்கிரீனுக்கு ஒரு நியாயம் உண்டு. மேப் பார்க்க வசதி, ரிவர்ஸ் கேமரா தெளிவாகத் தெரியும். போனைக் கையில் பிடித்து மேப் பார்ப்பதைவிட, போனின் மேப்பையும் பாட்டையும் கார் ஸ்கிரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ நூறு மடங்கு மேல். ஆனால் இதற்கு 7 இன்ச் ஸ்கிரீனே போதும். 10 இன்ச்சுக்கு மாறுவதால் தெரியும் சாலை கூடப்போவதில்லை, ராத்திரியில் முகத்தில் அடிக்கும் வெளிச்சம்தான் கூடும். ஸ்கிரீனை மட்டும் அணைக்க எத்தனை தட்டு தேவை என்று டெஸ்ட் டிரைவில் கேட்டுப் பாருங்கள்.

வயர் வழியா, வயர்லெஸ்ஸா என்ற கேள்வியில் என் வாக்கு வயருக்கு. வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ வைஃபை வழியாக ஓடுவதால் போன் சார்ஜ் கரையும், சூடும் ஏறும். சித்திரை வெயிலில் மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது போன் கொதித்துப் போகும். வயர் போட்டால் சார்ஜும் ஏறுகிறது, இணைப்பும் அறுவதில்லை. கடைக்கு, பள்ளிக்கு என்று சிறு பயணம் அதிகம் என்றால் வயர்லெஸ் வசதிதான்.

எஃப்எம் ரேடியோவை மறந்துவிட வேண்டாம். போன் வழியாக வரும் பாட்டு மலைப்பாதையில் டவர் போனதும் நின்றுவிடும். கொடைக்கானல் வானொலி 100.5 மலை உச்சியிலிருந்து வருவதால் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் வெகுதூரம் துணைக்கு வரும். ஸ்டேஷனை ஸ்டியரிங் பட்டனால் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கூரையில் நீளக் கம்பி ஆன்டெனா உள்ள கீழ் வேரியன்ட் இந்த விஷயத்தில் சோடை போவதில்லை.

பென் டிரைவ் கலாசாரம் நம்மிடம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதில் தவறும் இல்லை. பல செட்கள் ஃபாட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும். ஷோரூமுக்கு உங்கள் டிரைவையே எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். தமிழில் எழுதிய பாட்டுப் பெயர் எழுத்தாக வருகிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம். 'ஆறு ஸ்பீக்கர்' என்றால் பெரும்பாலும் நாலு கதவில் நாலு, மேலே கீச்சொலிக்கு இரண்டு ட்வீட்டர். செட்டின் மேல் '50 வாட் × 4' என்று எழுதியிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட்தான். பாட்டுக்காக மட்டும் டாப் வேரியன்ட் போக நினைப்பவர்களிடம் நான் சொல்வது: நடு வேரியன்ட் எடுங்கள், முன் கதவு இரண்டுக்கும் நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர் தனியாக வரும் ஜோடி) மாற்றுங்கள், கதவுத் தகரத்தின் உள்ளே அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்டுங்கள். ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல ஸ்பீக்கர் ஜோடி கிடைக்கும். மிருதங்கத்தின் இடந்தலை நாதம் அப்போதுதான் நாதமாகக் கேட்கும், அதற்கு முன் கதவுத் தகரத்தின் ஒலிதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

சரி, எதை எடுப்பது?

அறுபது தாண்டிய அப்பாதான் அதிகம் ஓட்டப் போகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், நாப் உள்ள நடு வேரியன்ட். கிட்டத்தில் பார்க்க வேறு கண்ணாடி, தூரத்தில் பார்க்க வேறு கண்ணாடி போடும் வயதில் ஸ்கிரீனில் சின்ன எழுத்தைத் தேடுவது அவருக்கு நியாயமல்ல. வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் அதே முடிவு.

ராத்திரி நெடுந்தூரம் ஓட்டுபவர் நல்ல எல்இடி, தானியங்கி விளக்கு, ஃபாக் லேம்ப் மூன்றுக்காக மேல் வேரியன்டுக்குப் போகலாம். அங்கே ஏசிக்கு நிஜ பட்டன் இருக்கிறதா என்பது மட்டும் நிபந்தனை. இல்லையென்றால் அதே விலையில் வேறு கம்பெனியின் காரைப் பாருங்கள், போட்டி அதிகம் உள்ள சந்தை இது. நகரத்துக்குள் தினமும் ஒரே வழியில் ஆபீஸ் போய்வரும் இளைஞருக்குப் பெரிய ஸ்கிரீன் ஆசை என்றால் எடுக்கட்டும். நெரிசலில் வேகம் குறைவு, சிக்னலில் நிற்கும் நேரம் அதிகம்.

எதுவானாலும் டெஸ்ட் டிரைவை மாலை ஆறரைக்கு மேல் கேளுங்கள். பகலில் கொடுக்கத்தான் விரும்புவார்கள், வற்புறுத்துங்கள். விளக்கின் வெளிச்சம், ஸ்கிரீனின் கூச்சம், இருட்டில் எந்தப் பட்டனுக்கு வெளிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முதலில் நிறுத்திய காரில் உட்கார்ந்து, சாலையைப் பார்ப்பது போல நேரே பார்த்துக்கொண்டு, ஃபேனைக் கூட்டவும் சத்தத்தைக் குறைக்கவும் முயன்று பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கார் இருக்கிறது, செட் மட்டும் மாற்ற நினைக்கிறீர்கள் என்றால் சென்னை ஜி.பி. ரோட்டில் ஆரம்பித்து உங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ் வரை ஆண்ட்ராய்டு செட் விதவிதமாகக் கிடைக்கிறது. மலிவான 2 ஜிபி செட் முதல் நாள் நன்றாக ஓடும், கொஞ்ச நாளில் திணறும். சாவி போட்டுப் பல வினாடி கழித்துத்தான் உயிர் வரும், அதற்குள் ரிவர்ஸ் எடுத்தால் கேமரா தெரியாது. பெயருள்ள கம்பெனியின் ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள எளிய செட், அதிலும் சத்தத்துக்கு நாப் உள்ளது, அதே விலைக்கு நீண்ட நாள் உழைக்கும். மாட்டும்போது உங்கள் காருக்கு ஏற்ற கப்ளர் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பான்) வைத்து மாட்டச் சொல்லுங்கள். வயரை வெட்டி டேப் சுற்றினால் கம்பெனி மின்சார வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். தனி ஆம்ப்ளிஃபயர் போட்டால் பேட்டரியிலிருந்து நேராக வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கடையை விட்டுக் கிளம்பும் முன் ரிவர்ஸ் போட்டுக் கேமராவையும், ஸ்டியரிங் பட்டன்களையும், ஹாரனையும், எல்லா விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு செட் முழுவதும் அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் இருந்தால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும், அந்த வயரை அங்கேயே சரிசெய்ய வைத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.